வெயிலில் பார்க்காத சேலை

ஜூலை 22, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னாவ, அதனால எழுதுதேன். எப்ப தலைவலி வருது, அதுக்கு முன்னால என்ன சாப்பிட்டேன், எங்க இருந்தேன், எவ்வளவு நேரம் வலிச்சுதுன்னு தேதி போட்டு எழுதிட்டு வரணுமாம். வேற மாத்திரை குடுத்தா போதாதான்னு கேட்டேன். "மூணு மாத்திரை மாத்திப் பாத்தாச்சு ஆவுடையம்மா. இனிமே நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டாவ.

சரி. பேர் ஆவுடையம்மாள், வயசு நாப்பத்தாறு. திருநெல்வேலி மாணிக்கமாலை சில்க்ஸ்ல மூணாவது மாடி, பட்டுப் பிரிவு. பத்தொம்பது வருசமா நின்ன காலோட சேலை காட்டுதேன். இதெல்லாம் டாக்டரம்மாவுக்கே தெரியும். இருந்தாலும் நோட்டுல முதப் பக்கம் காலியா கிடந்தா எனக்குப் பிடிக்காது.

இன்னைக்கு இட்லி மூணு. கடைக்குப் போனது ஒம்பதரை. வலி வந்தது பதினொன்னு. போனது வீட்டுக்கு வந்து அரை மணி கழிச்சு.

ஜூலை 23, செவ்வாய்

வார லீவு. ரேஷன் கடை வரிசையில ரெண்டு மணி நேரம், மண்டையைப் பிளக்க வெயில். வந்து ரெண்டு வாளித் துணி துவைச்சேன். வலி இல்ல.

ஜூலை 24, புதன்

தோசை ரெண்டு. வலி பதினொன்னுக்கு.

ஜூலை 25, வியாழன்

உப்புமா. அதே வலி, அதே நேரம். உப்புமா மேல பழி போட வழியில்ல.

ஜூலை 26, வெள்ளி

கண்டுபிடிச்சிட்டேன் டாக்டரம்மா. உங்க உதவி இல்லாமலே.

நேத்து கொடியில சேலையைப் போடும்போது வீட்டுக்காரவுக, "என்னட்டி, இன்னைக்கும் கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தியா"ன்னு கேட்டாவ. ஆட்டோ ஓட்டுதவுக, எல்லாத்துக்கும் தமாசுதான். எனக்குச் சுருக்குன்னுச்சு. மோந்து பாத்தேன். ஆமா, கல்யாண வீட்டு வாசம்.

போன மார்கழியில எங்க மாடியை மட்டும் மூடிப் போட்டு வேலை பாத்தாவ. சின்ன முதலாளி பெங்களூர்ல இருந்து ஒரு தம்பியைக் கூட்டிட்டு வந்திருந்தாரு. அந்தத் தம்பிக்குச் சேலை நெய்யத் தெரியாது, மடிக்கத் தெரியாது, ஆனா சனங்க எப்படி வாங்கும்னு தெரியுமாம். சன்னல் நாலையும் பலகை வச்சு அடைச்சாவ. சுவர்க் கடிகாரத்தைக் கழட்டினாவ. சேலை விரிக்க மெத்தைக்கு நேர் மேல மஞ்ச விளக்கு. ஏசி குளிரைக் கூட்டிட்டாவ, உடம்பு குளிர்ந்தா கை தானா பட்டைத் தேடுமாம். நாதஸ்வரம் மெதுவா ஓடும். மெதுவா ஓடினா மெதுவா பாப்பாவ, மெதுவா பாத்தா ரெண்டு சேலை கூட எடுப்பாவ. வந்து உக்காந்த உடனே கையில சூடா பாதாம் பால். முகூர்த்தச் சேலை முடிவானா கெட்டிமேளம் போடணும், நாங்க எல்லாரும் கை தட்டணும். கெட்டிமேளம் கொட்டின பிறகு "இது வேண்டாம், வேற காட்டு"ன்னு சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது.

பிறகு தூணுக்குப் பின்னால அந்த மிஷின். டிபன் கேரியர் உசரந்தான் இருக்கும். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க புஸ்ஸுன்னு விடும். மல்லி, சந்தனம், பன்னீர், அடியில லேசா நெய் வாசம். "முதல்ல வாங்குறது மூக்குதான்க்கா, கண்ணும் கையும் அப்புறம்தான்"னு அந்தத் தம்பி எங்களுக்குப் பாடம் எடுத்தான். நான் கொட்டாவி விட்டுக்கிட்டு நின்னேன்.

தை மாசம் மாடியைத் திறந்தாவ. எனக்கு வலி வந்ததும் தை மாசந்தான். ரெண்டையும் சேத்துப் பாக்க எனக்கு ஆறு மாசம் ஆயிருக்கு. கூறுகெட்டவ.

ஜூலை 27, சனி

மிஷின் மூஞ்சியைச் சுவரைப் பாக்கத் திருப்பி வச்சேன். மத்தியானம் வரை வலி இல்ல. ரெண்டு மணிக்கு யாரோ திரும்பவும் திருப்பிட்டாவ. ரெண்டேகாலுக்கு வலி.

ஜூலை 29, திங்கள்

மிஷினைத் திருப்பினது நான்தான்னு கேமராவுல பாத்துட்டாவ. மாடி மேனேஜர் கைலாசம் அண்ணாச்சி கூப்பிட்டாரு. நல்ல மனுசன்தான், ஆனா சின்ன முதலாளி தும்மினா இவருக்குச் சளி பிடிக்கும்.

"ஆவுடை, அது என்ன உங்க வீட்டு மிக்ஸியா, நினைச்ச பக்கம் திருப்ப?"

"எனக்குத் தலை வலிக்கு அண்ணாச்சி."

"எனக்கும்தான் வலிக்கு. நான் எதையாவது திருப்புதேனா?"

மிஷினைச் சுத்திக் கம்பிக் கூடு போட்டுப் பூட்டிட்டாவ.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்குத் தள்ளுபடி. கூட்டம். வலி. சாப்பிட நேரம் இல்ல, எழுதவும் தெம்பு இல்ல.

ஆகஸ்ட் 7, புதன்

இன்னைக்கு ஒரு சண்டை. அதை எழுதியே ஆகணும்.

முன்னால எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தச் சேலை எடுக்கவுக "வெயில்ல காட்டு"ன்னு கேப்பாவ. நானும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு வாசப்படிக்குக் கொண்டுபோயி விரிச்சுக் காட்டுவோம். விளக்குல தெரியுதது ஒரு நிறம், வெயில்ல தெரியுதது ஒரு நிறம். பட்டு எடுக்க எல்லாருக்கும் இது தெரியும். மார்கழிக்குப் பிறகு அது கூடாதுன்னுட்டாவ. எல்லாச் சேலையிலயும் ஒரு டேக் மாட்டியிருக்கு. பில் போடாத சேலை வாசலைத் தாண்டினா அங்கன நிக்க மிஷின் ஊரைக் கூட்டிரும்.

பாளையங்கோட்டை டீச்சர் ஒருத்தி இன்னைக்கு ஊதா நிறச் சேலையை வச்சுக்கிட்டு, "இதை வெளிச்சத்துல பாக்கணும்"னு ஒத்தக்கால்ல நின்னா. "இதுவே வெளிச்சந்தான் மேடம், எங்க விளக்கு பகல் வெளிச்சத்தை விட நல்லது"ன்னு கைலாசம் அண்ணாச்சி சொன்னாரு. டீச்சர் என்னைப் பாத்தா. நான் படிக்கட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அங்க பலகை போடாத ஒரு சின்ன சன்னல் இருக்கு. போயிப் பாத்துட்டு வந்து சேலையை மெத்தையில போட்டுட்டு, ஒண்ணும் எடுக்காமப் போயிட்டா.

அண்ணாச்சி குதி குதின்னு குதிச்சாரு. எனக்கு மனசுக்குள்ள நல்லா இருந்துச்சு. வலிகூட கொஞ்ச நேரம் அடங்கிச்சு, எழுதிக்கிடுங்க.

ஆகஸ்ட் 8, வியாழன்

படிக்கட்டுச் சன்னலுக்கும் பலகை அடிச்சாச்சு.

ஆகஸ்ட் 12, திங்கள்

என் பக்கத்துல நிக்கவ ஜெபராணி. வயசு இருபத்தொம்பது, சாத்தான்குளத்துக்காரி. மாப்பிள்ளை விட்டுட்டுப் போயிட்டான், ஒரு பொட்டப்பிள்ளை இருக்கு. பாவம், ஜெபராணிக்கு விக்கத் தெரியாது. யாராவது "இது எனக்கு நல்லா இருக்குமா"ன்னு கேட்டா, யோசிச்சு உண்மையைச் சொல்லிருவா.

மூணு மாசமா அவ கணக்கு குறைவு. ஆவணி முத வாரத்துல மூணு முகூர்த்தச் சேலையாவது பில்லுல அவ நம்பர்ல போகல்லன்னா அடுத்த மாசம் வரவேண்டாம்னு சொல்லியிருக்காவ. என்கிட்ட வந்து அழல. "எக்கா, டவுன்ல வேற எங்கயாவது ஆள் எடுக்காவளா"ன்னு மட்டும் கேட்டா. அழுதிருந்தாலும் பரவாயில்ல போல இருந்துச்சு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வலி கடுமை. ஆவணி பிறந்தாச்சு, மூணாவது மாடியில நிக்க இடமில்ல. ஒரு அரக்கு நிறச் சேலை போச்சு, நல்ல சேலை. ஜெபராணி பிள்ளைக்குக் காய்ச்சல்னு மத்தியானமே வீட்டுக்குப் போயிருந்தா. நான்தான் வித்தேன், அவ நம்பரைப் போட்டேன். அவளுக்கு அது மூணாவது. பிழைச்சா.

சாப்பாடு: லெமன் சாதம், பாதி.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஜெபராணி வீட்டுல இருந்து மீன் குழம்பு கொண்டு வந்து குடுத்தா. சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

லீவு. வலி இல்ல. ஆனா தூக்கமும் இல்ல. உங்க நோட்டுல அதுக்கு இடம் இருக்கான்னு தெரியல.

ஆகஸ்ட் 26, திங்கள்

அந்த அரக்குச் சேலை திரும்பி வந்துட்டு.

வாங்கினவுக பேர் லோகநாயகி. கல்லிடைக்குறிச்சி, வயசு அம்பத்தஞ்சு இருக்கும். மாப்பிள்ளையோட அம்மா. முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டுக்காரவுகதான் எடுத்துக் குடுக்கணும், இவுகதான் எடுத்தாவ. நேத்து வீரவநல்லூர்ல பொண்ணு வீட்டுல நிச்சயதார்த்தம். முத்தத்துல வச்சு, நல்ல வெயில்ல, தட்டுல இருந்த சேலையைப் பொண்ணோட அத்தை விரிச்சிருக்கா. கருப்பு. அரக்கு இல்ல, கருப்பு. மடிப்பை அசைச்சா மட்டும் உள்ள சிவப்பு ஓடுது. நாப்பது பேர் பாத்திருக்காவ.

இதுல இன்னொன்னு இருக்கு. லோகநாயகி அக்காவுக்குப் புருசன் இல்ல, பதினொரு வருசமாச்சு. "நீ போயி எடுக்கக்கூடாது, நான் எடுத்துட்டு வாரேன்"னு நாத்தனார்காரி முன்னாலயே சொல்லியிருக்கா. இவுக கேக்கல. "என் மகன் கல்யாணத்துக்கு நான்தான் எடுப்பேன்"னு தனியா பஸ் ஏறி வந்தவுக. இப்ப நாத்தனார்காரி ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுதாளாம், தாலியறுத்தவ கை வச்சா வேற எப்படி இருக்கும்னு. பொண்ணு வீட்டுல, எங்க பிள்ளைக்கு வேணும்னே கருப்பு எடுத்திருக்காவன்னு பேச்சு. எட்டாம் தேதி கல்யாணம். நடக்குமா நடக்காதான்னே தெரியலையாம்.

அவுக காசைத் திருப்பிக் கேக்கல. "கடையில இது அரக்காத்தான் தெரிஞ்சுதுன்னு யாராவது ஒருத்தர் வந்து அவுககிட்ட சொல்லுங்க. அது போதும்"னாவ. கைலாசம் அண்ணாச்சி, "எங்க விளக்குல ஒரு தப்பும் இல்ல. நீங்க பாத்துத்தானே எடுத்திய? நாங்க என்ன கண்ணைக் கட்டியா வித்தோம்"னு கேட்டாரு. பில்லுல நம்பர் யாருதுன்னு பாத்தாவ. ஜெபராணி. அவளைக் கூப்பிட்டு, நிறத்தைத் தப்பாச் சொல்லி வித்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்காவ. வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம். போட்டாலும் வேலை போகும், போடாட்டியும் போகும்.

அந்த நேரம் நான் அங்கன இல்ல. தண்ணி குடிக்கப் போயிருந்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

லீவு. நேத்து எழுதினதுல கடைசி வரி பொய். நான் அங்கனதான் நின்னேன்.

லோகநாயகி அக்கா என்னைப் பாத்து, "நீதானே தாயி காட்டுன? நீ சொல்லு, அரக்காத்தானே இருந்துச்சு"ன்னு கேட்டாவ. பில்லுல உள்ள நம்பர்தான் கணக்குன்னு அண்ணாச்சி அதைக் காதுல வாங்கல. ஜெபராணியும் என்னைப் பாத்தா. அவ வாயைத் திறந்து "நான் விக்கல"ன்னு சொன்னா என்னைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்னு சும்மா நிக்கா. நான் மடிச்ச சேலையையே திரும்பவும் மடிச்சுக்கிட்டு நின்னேன். பத்தொம்பது வருசத்துல சேலையை அவ்வளவு அழகா மடிச்சது கிடையாது.

டாக்டரம்மா, பதினெட்டாம் தேதி எழுதினதுலயும் ஒண்ணு விட்டுப்போச்சு. விட்டுப்போச்சு என்ன, நான்தான் விட்டேன். இது தலைவலிக் கணக்குல வராதுன்னா இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடுங்க.

அன்னைக்கு அவுக மாடி ஏறி வந்ததும் அந்த மிஷின் ஒருக்க புஸ்ஸுன்னு விட்டுச்சு. அவுக அப்படியே நின்னுட்டாவ. "என் கல்யாணத்தன்னைக்கு மணந்த வாசம் இது"ன்னு சொன்னாவ. உக்கார வச்சேன். பாதாம் பாலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, மூணு மணி நேரம் உக்காந்திருந்தாவ. பாதிச் சேலைக்கு மேல அவுக பாக்கவே இல்ல, வாசத்தை இழுத்துக்கிட்டே இருந்தாவ. நான் ஒவ்வொண்ணா விரிச்சேன். கடைசியா இதை அவுக தோள்ல போட்டேன். அந்த மஞ்ச வெளிச்சத்துல குங்குமத்தைக் குழைச்ச மாதிரி நின்னுச்சு.

ஆனா எனக்கு என் விரல் பழக்கம் ஒண்ணு உண்டு. சேலை ஓரத்தை நெமிண்டி, நூலைப் பிரிச்சுப் பாப்பேன். நீள நூல் பாவு, குறுக்கு நூல் ஊடை. இதுல ஊடை சிவப்பு, பாவு கருப்பு. வெயில்ல கருப்புத்தான் முன்னால வரும். எனக்குத் தெரியும். அந்த மாடியில என்னைத் தவிர வேற ஒருத்தருக்கும் தெரியாது.

சொல்லியிருக்கணும். "எக்கா, இது முகூர்த்தத்துக்கு வேண்டாம்"னு நாலு வார்த்தை. மண்டை பிளந்துக்கிட்டு இருந்துச்சு. மணி ஆறாச்சு. ஜெபராணிக்கு ஒண்ணு குறையுது. அவுக முகத்துல அவ்வளவு சந்தோசம். நான் யோசிக்கதுக்குள்ள அண்ணாச்சி கெட்டிமேளத்தைப் போட்டுட்டாரு. எல்லாரும் கை தட்டினாவ. நானும் தட்டினேன்.

மிஷின் மேல பழி போடலாம். விளக்கு மேல போடலாம். இத்தனை நாள் அதைத்தானே எழுதிக்கிட்டு வாரேன். ஆனா அந்தப் பெங்களூர் தம்பிக்குப் பாவும் ஊடையும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அழுதேன். வீட்டுக்காரவுக பாத்துட்டு தமாசு பண்ணல.

ஆகஸ்ட் 28, புதன்

பில் புத்தகத்துல இருந்து லோகநாயகி அக்கா போன் நம்பரை எடுத்தேன். அப்படி எடுக்கக் கூடாது. எடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்துல தெருவுக்கு வந்து பேசினேன். "எக்கா, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சேலையோட கடைக்கு வாங்க. பொண்ணோட அத்தையையும் கூட்டிட்டு வாங்க. அது கடையில எப்படித் தெரிஞ்சுதுன்னு அவுக கண்ணாலயே பாக்கட்டும்"னேன்.

"வருவாளான்னு தெரியல. என் மூஞ்சியிலயே அவ முழிக்க மாட்டேங்கா."

"கல்யாணம் நடக்கணும்னா வரச் சொல்லுங்க."

பிறகு, "நீ நல்லா இருக்கணும் தாயி"ன்னாவ. அந்த வார்த்தையைக் கேட்டுட்டு எனக்குச் சாப்பாடு இறங்கல. மத்ததைப் போன்ல சொல்ல தைரியம் இல்ல.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஜெபராணிகிட்ட, கையெழுத்துப் போடாதேன்னு சொன்னேன். "போடல்லன்னா உங்க பேரு வரும்லா எக்கா"ன்னா. வரட்டும்னேன். "நீங்க எனக்காகத்தானே செஞ்சிய"ன்னா. அவளுக்காக மட்டும் செஞ்சேனான்னு எனக்கே தெரியல. வித்துப் பழகின கை, அதுவும் ஒரு காரணந்தான்.

வலி இருந்துச்சு. எத்தனை மணிக்குன்னு கவனிக்கல.

ஆகஸ்ட் 31, சனி

நேத்து நடந்ததை இன்னைக்கு வீட்டுல உக்காந்து எழுதுதேன். இனிமே எழுத நேரத்துக்குப் பஞ்சமில்ல.

சரியா பதினொன்னு பத்துக்கு வந்தாவ. லோகநாயகி அக்கா முன்னால. பின்னால பொண்ணோட அத்தை பொன்னுலட்சுமி, ஆள் நல்ல உசரம், வாயை இறுக்கிக்கிட்டு வந்தா. அட்டைப்பெட்டியை வாங்கி, சேலையை மெத்தையில விரிச்சேன்.

"என்ன நிறம்னு சொல்லுங்க"ன்னேன்.

பொன்னுலட்சுமி குனிஞ்சு பாத்தா. முந்தியைப் புரட்டினா. "அரக்கு"ன்னா. பிறகு அவளே திகைச்சு, "இது அந்தச் சேலை இல்ல, மாத்திட்டிய"ன்னா. முந்தி ஓரத்துல நிச்சயத்தன்னைக்குப் பட்ட மஞ்சள் கறை இருந்துச்சு. அதைக் காட்டினேன்.

அதுக்குள்ள கைலாசம் அண்ணாச்சி ஓடி வந்தாரு. "ஆவுடை, என்ன செய்த நீ?"

"சேலை காட்டுதேன் அண்ணாச்சி. அதுக்குத்தானே சம்பளம்."

சேலையைக் கையில வாரிக்கிட்டேன். அலமாரியில இருந்து இன்னும் மூணு எடுத்தேன், ஒண்ணு நீலம், ஒண்ணு வாடாமல்லி, ஒண்ணு பாக்கு நிறம். லிஃப்டுக்கு நிக்காம படி வழியா இறங்கினேன். ரெண்டு பேரும் பின்னால வந்தாவ. வாசலைத் தாண்டினதும் அங்க நிக்க டேக் மிஷின் கூவ ஆரம்பிச்சுது. வாட்ச்மேன் கையை நீட்டினாரு, பிறகு என் மூஞ்சியைப் பாத்துட்டுக் கையை மடக்கிக்கிட்டாரு. தெருவுல நட்டநடு வெயில். ஒரு முனையைப் பொன்னுலட்சுமி கையில குடுத்து, மறுமுனையை நான் பிடிச்சு விரிச்சேன்.

கருப்பு.

மத்த மூணையும் காட்டினேன். நீலம் கருநீலமா நின்னுச்சு. வாடாமல்லி பழுப்படிச்சுப் போயிருந்துச்சு. பாக்கு நிறம் மட்டும் அப்படியே இருந்துச்சு, அதையும் சொல்லணும்லா. மிஷின் கூவிக்கிட்டே இருக்கு. கடைக்குள்ள சேலை பாத்துக்கிட்டு இருந்தவுக எல்லாம் என்னமோ ஏதோன்னு வாசலுக்கு வந்துட்டாவ. ஒரு அம்மா தான் எடுத்து வச்சிருந்த பச்சையைக் கையோட கொண்டு வந்து, "எனக்கும் பாக்கணும்"னு படியிறங்கினா. அவளைப் பாத்து இன்னொருத்தி. ஒரு கல்யாணக் கூட்டமே அஞ்சு சேலையோட இறங்கிச்சு. யாரு யாரைத் தடுக்க? வாட்ச்மேன் ஒருத்தர்தான் இருக்காரு. தெருவுல ஒருத்தருக்கொருத்தர் முனையைப் பிடிச்சுக்கிட்டு, "இது வேற நிறமால்லா இருக்கு"ன்னு பேசிக்கிட்டு நிக்காவ.

பொன்னுலட்சுமி லோகநாயகி அக்கா பக்கம் திரும்பி, "மதினி, தப்பா நினைச்சுட்டோம். கடைக்காரன்தான் ஏமாத்தியிருக்கான்"னா.

அதோட விட்டிருக்கலாம். எல்லாம் நல்லா முடிஞ்சிருக்கும். என் பேர் வந்திருக்காது.

"கடை மட்டும் இல்ல"ன்னேன். "விளக்கு கடையோடது. வித்தது நான். ஜெபராணி அன்னைக்கு இங்க இல்லவே இல்ல. இதுல கருப்புப் பாவு இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்க தோள்ல போட்டேன் எக்கா."

கைலாசம் அண்ணாச்சி படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. சின்ன முதலாளியும் வந்துட்டாரு. லோகநாயகி அக்கா கிட்ட வந்து என்னையே பாத்தாவ. அடிப்பாவன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா எனக்குச் சுளுவா இருந்திருக்கும்.

"தெரிஞ்சா குடுத்த?"

"ஆமா எக்கா."

"நான் உன்னைத் தாயின்னு கூப்பிட்டேனே."

நான் தலையைக் குனியல. குனிஞ்சா அழுதுருவேன், அழுதா அவுக எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். அந்தச் சோலியையும் அவுக தலையில வைக்கக் கூடாது.

சின்ன முதலாளி இறங்கி வந்தாரு. நாலு பேர் போன்ல படம் பிடிச்சுக்கிட்டு இருந்தாவ, அதைப் பாத்துட்டாரு. குரல்ல பாதாம் பால் ஊத்தின மாதிரி, "அம்மா, வேற சேலை மாத்தித் தாரோம். எதை வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. ஜெபராணி ஒண்ணும் எழுதிக் குடுக்க வேண்டாம். இந்த அம்மா நாளையில இருந்து இங்க இருக்கமாட்டாவ. முதல்ல உள்ள வாங்க, மேல போயி உக்காந்து பேசலாம்"னாரு.

"நான் எடுத்துத் தரட்டுமா மதினி"ன்னு பொன்னுலட்சுமி தயவாத்தான் கேட்டா. "உங்களுக்கு எதுக்கு இன்னொரு சங்கடம்?"

லோகநாயகி அக்கா அவளையும் பாத்தாவ, முதலாளியையும் பாத்தாவ. முந்தானையை இழுத்து இடுப்புல சொருகினாவ.

"என் மகனுக்கு நான்தான் எடுப்பேன். உள்ள வரமாட்டேன். சேலை வெளிய வரட்டும்."

வந்துச்சு டாக்டரம்மா. ஜெபராணியும் இன்னும் ரெண்டு பிள்ளைகளும் மூணு மாடி ஏறி இறங்கி, கை நிறையச் சேலையைச் சுமந்து கொண்டு வந்து நின்னாவ. வாசல் மிஷின் கூவிக் கூவி ஓய்ஞ்சு, கடைசியில யாரோ வயரைப் பிடுங்கிட்டாவ. தெருவுல போற பஸ்ஸெல்லாம் நின்னு நின்னு போகுது.

"நீ பிடி"ன்னாவ என்கிட்ட. தாயின்னு சொல்லல.

ரெண்டு கையையும் தோளுக்கு மேல தூக்கிப் பிடிச்சேன். முதல் சேலை வேண்டாம். ரெண்டாவது வேண்டாம். "உன் நிழல் விழுது, தள்ளி நில்லு"ன்னாவ. தள்ளி நின்னேன். ஏழாவது, எட்டாவது. தோள்பட்டை விட்டுப் போச்சு. வேர்வை கண்ணுல இறங்குது, துடைக்கக் கை இல்ல. அவுக நிதானமா, ஒரு அவசரமும் இல்லாம, கிட்ட வந்து பாக்காவ, எட்டிப் போயிப் பாக்காவ, பொன்னுலட்சுமியை விட்டு முந்தியைத் திருப்பச் சொல்லுதாவ. பொன்னுலட்சுமியும் சொன்ன பேச்சைக் கேட்டுத் திருப்புதா. சுத்தி நின்ன பொம்பளைக எல்லாம் தங்களோட சேலையை விட்டுட்டு அவுக எதை எடுக்கப் போறாவன்னு பாத்துக்கிட்டு நிக்காவ.

பதிமூணாவது ஒரு கிளிப்பச்சை, அரக்கு பார்டர். கிட்ட வந்தாவ. ஓரத்தை ரெண்டு விரலால நெமிண்டி நூலைப் பிரிச்சாவ.

"பாவு பச்சை, ஊடையும் பச்சைதான் எக்கா"ன்னேன்.

"நீ சொல்லி நான் கேக்கணுமா?"

அவுகளே கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோயி வச்சுப் பாத்தாவ. ரொம்ப நேரம். பிறகு பொன்னுலட்சுமி கையில அந்த முனையைக் குடுத்து, "இது என் மருமகளுக்கு"ன்னாவ. என் பக்கம் திரும்பல.

"போதும், கையை இறக்கு"ன்னாவ.